பென்சிலால் எழுதிய மனு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் சட்டம் என்பது ஒரே ஊற்றிலிருந்து பெருகுவதன்று. 1787-இல் வரையப்பெற்ற அரசியல் சாசனம் யாவற்றுக்கும் மேலாக நிற்க, அதன்கீழ்க் காங்கிரஸ் இயற்றும் சட்டங்களும், மாநிலங்கள் தத்தமக்கென வகுத்துக்கொண்ட சாசனங்களும் சட்டங்களும், இங்கிலாந்திலிருந்து வந்த மரபின்படி நீதிபதிகளின் முன்தீர்ப்புகளும் சேர்ந்தே அந்நாட்டுப் பிரஜையை ஆள்கின்றன. நியாயஸ்தலங்களும் அவ்வாறே இருவகை: மாநிலங்களுக்கு உரியவை ஒருபுறம், மாவட்ட நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒன்பது நீதிபதிகள் அமரும் உச்ச நீதிமன்றம் என்ற மத்திய வரிசை மறுபுறம்.

இவை ஒன்றையொன்று எவ்விதம் தொடுகின்றன என்பதைக் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழையின் வழக்கைப்போல் தெளிவாக்குவது அரிது. 1961-இல் புளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அவர், தமக்கு வக்கீல் வேண்டுமென்று கேட்டபோது, மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே சர்க்கார் செலவில் வக்கீல் தர அம்மாநிலச் சட்டம் இடந்தருகிறது என்று நீதிபதி மறுத்துவிட, தாமே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறை பெற்றார். சிறைக்கூடத்துக் கோடிட்ட தாளில் பென்சிலால், எழுத்துப்பிழைகளோடு அவர் எழுதியனுப்பிய மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1942-இல் தானே அளித்த தீர்ப்பைத் தள்ளிவிட்டு, சாசனத்தின் ஆறாவது திருத்தம் தரும் வக்கீல் உரிமை, பதினான்காவது திருத்தத்தின் வாயிலாக மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்த்தனர். பொருளற்றவன் பக்கம் சாசனம் நின்ற அந்நாளை நான் மகத்தானதாகவே கருதுகிறேன். அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த மறு விசாரணையில், வக்கீலின் துணையோடு நின்ற கிடியன் விடுதலையானார்.