‘குப்பை’ என ஒதுக்கப்பட்ட ஆர்.என்.ஏ... சிறுநீர்ப்பை புற்றுநோயைக் காட்டிக்கொடுக்குமா?

காலையில் பாத்ரூம் போன அப்பா முகம் வெளிறிப்போய் வெளியே வருகிறார். சிறுநீர் சிவப்பாக இருக்கிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சலும் இல்லை. ‘நேத்து பீட்ரூட் பொரியல் சாப்பிட்டீங்கள்ல, அதுவாத்தான் இருக்கும்’ என்று வீட்டில் சமாதானம் சொல்கிறார்கள். மறுநாள் நிறம் சரியாகிவிடுகிறது. எல்லோரும் மறந்தும் விடுகிறார்கள்.

பீட்ரூட்டாகவும் இருக்கலாம்தான். ஆனால், வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வருவதுதான் சிறுநீர்ப்பை புற்றுநோய் பெரும்பாலும் காட்டும் முதல் அறிகுறி. ஒருநாள் வந்து, பிறகு பல வாரங்கள் வராமல் ஏமாற்றுவதும் அதன் குணம். பெண்களுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். ‘யூரினரி இன்ஃபெக்‌ஷன்’ என்று ஆன்டிபயாடிக் மாத்திரைகளிலேயே மாதங்கள் ஓடிவிடுவது உண்டு.

உலகம் முழுக்க 2022-ல் மட்டும் 6 லட்சம் பேருக்கு மேல் இந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம். முக்கியக் காரணம், சிகரெட், பீடி. புகை போவது நுரையீரலுக்குத்தானே, சிறுநீர்ப்பைக்கு என்ன சம்பந்தம் என்று தோன்றும். புகையிலுள்ள நச்சுகள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, கடைசியில் மணிக்கணக்கில் தேங்கி நிற்பது சிறுநீர்ப்பையில்தான். சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இந்தப் புற்றுநோய் வருவதை ஜெர்மனியைச் சேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர் லுட்விக் ரென் 1895-லேயே கவனித்துச் சொல்லிவிட்டார்.

குழாய்க்குப் பயந்து...

இதைக் கண்டுபிடிக்கும் வழிதான் நோயாளிகளை மிரட்டுகிறது. கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் சிறுநீர்த் துவாரம் வழியாக உள்ளே செலுத்திப் பார்க்க வேண்டும். பெயர், சிஸ்டோஸ்கோப்பி. ஒரு தடவையோடு முடிந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகும் அது பலருக்கு மறுபடி முளைக்கிறது. அதனால், பலருக்கு ஆரம்பத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு இடைவெளி விட்டு, வருடக்கணக்கில் இந்தக் குழாய்ப் பரிசோதனை தொடர்கிறது. செலவு ஒருபக்கம், கூச்சம் மறுபக்கம். ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்று பாதியில் நிறுத்திவிடுபவர்களும் உண்டு. சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் எளிய சோதனையும் இருக்கிறது. ஆனால், மெதுவாக வளரும் வகைக் கட்டிகளை அது பெரும்பாலும் கோட்டை விட்டுவிடும்.

இந்த இடத்தில்தான் விஞ்ஞானிகளின் கண் ‘குறியீடு தாங்காத’ ஆர்.என்.ஏ பக்கம் திரும்பியது.

அதென்ன ஆர்.என்.ஏ? ஒரு கல்யாண சமையலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மொத்த மெனுவும் எழுதிய பெரிய நோட்டு பத்திரமாகப் பெட்டிக்குள் இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. அன்றைக்குத் தேவையான பதார்த்தத்தை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அடுப்படிக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டு, ஆர்.என்.ஏ. அதைப் பார்த்துச் சமைத்து வருவது புரதம். மனித டி.என்.ஏ-வில் புரதம் செய்வதற்கான குறிப்பு இருப்பது சுமார் 2 சதவிகிதத்தில் மட்டும்தான். மீதியில் பெரும்பகுதியைப் பல வருடங்கள் ‘குப்பை’ என்றே சொல்லிவந்தார்கள்.

அந்த மீதியிலிருந்தும் சீட்டுகள் வருகின்றன. அவற்றில் சமையல் குறிப்பு இருக்காது, அதிகாரம் இருக்கும். 1993-ல், ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவை ஆராய்ந்துகொண்டிருந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகியோரின் குழுக்கள், வெறும் 22 எழுத்து நீளமுள்ள ஒரு குட்டி ஆர்.என்.ஏ, வேறொரு சீட்டின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் புரதம் உருவாகாமல் தடுப்பதைக் கண்டன. அடுப்படி வாசலில் நின்று ‘சாம்பார் போதும், நிறுத்து’ என்று சீட்டைப் பிடுங்குபவரைப்போல! இதுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. புழுவின் விசித்திரம் என்று அப்போது பலர் இதைக் கண்டுகொள்ளவில்லை. மனிதர்கள் உட்பட பல உயிரினங்களில் இதே சங்கதி இருப்பது 2000-க்குப் பிறகு தெரியவந்தது. 2024-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

உறிஞ்சும் ஸ்பாஞ்ச்

சிறுநீர்ப்பை புற்றுநோய்க்கென்றே பெயர் வாங்கிய ஒரு ஆர்.என்.ஏ இருக்கிறது. யு.சி.ஏ1. 2006-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். இது 200 எழுத்துகளைத் தாண்டிய நீள வகை. சிறுநீரில் இதைத் தேடிப் பார்த்தபோது, புற்றுநோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு எட்டுப் பேரை அது சரியாகக் காட்டிக்கொடுத்தது.

வெறும் அடையாளமாக மட்டும் அது இருக்கவில்லை என்பது பிறகு நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. நம் உடம்பில் மிர்-145, மிர்-143 போன்ற சில மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் செல்கள் தறிகெட்டு வளராமல் பிரேக் போடுகின்றன. யு.சி.ஏ1 அதிகமானால் அந்த பிரேக் வேலை செய்வதில்லை. மிர்-145-ஐ அது ஸ்பாஞ்ச்போல உறிஞ்சிக்கொள்கிறது. செல் பரவத் தொடங்குகிறது, சர்க்கரையை எரிக்கும் வேகமும் கூடுகிறது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குக் கட்டி மசியாமல் போவதிலும் இதற்குப் பங்கு இருப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

இன்னொன்று, ஹெச்19. கருவில் இருக்கும்போது சுறுசுறுப்பாக இருந்து, பிறந்த பிறகு பெரும்பாலான உறுப்புகளில் தூங்கிவிடும். சிறுநீர்ப்பைக் கட்டிகளில் மறுபடி எழுந்துகொள்ளும். இஸ்ரேல் விஞ்ஞானிகள் இந்த எழுச்சியையே பொறியாக்கினார்கள். ஹெச்19 விழித்திருக்கும் செல்லில் மட்டும் டிஃப்தீரியா நச்சு உருவாகும்படி ஒரு டி.என்.ஏ துண்டைத் தயாரித்து, சிறுநீர்ப்பைக்குள் குழாய் வழியே செலுத்தினார்கள். சாமர்த்தியமான யோசனை! ஆரம்பகட்ட சோதனையில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, விட்டுவைத்த கட்டி முழுதாக மறைந்தது. ஆனால், அடுத்து நடந்த பெரிய சோதனை எதிர்பார்த்த பலனைத் தராமல் 2019-ல் நிறுத்தப்பட்டது.

மைக்ரோ ஆர்.என்.ஏ-வையே மருந்தாக ரத்தத்தில் ஏற்றும் முயற்சிக்கும் அடி விழுந்தது. மிர்-34 போலவே செய்யப்பட்ட ஒரு மருந்து, வேறு புற்றுநோய்களில் சோதிக்கப்பட்டபோது நோய் எதிர்ப்பு மண்டலத்தை மோசமாகத் தூண்டிவிட்டதால் 2016-ல் கைவிடப்பட்டது. ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வேர்டுகளில் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

அப்படியானால் சிறுநீர் டெஸ்ட்டாவது வந்துவிட்டதா? சிக்கல்கள் இருக்கின்றன. பல ஆய்வுகள் நூறு, இருநூறு பேரை வைத்து நடந்தவை. ஒரு லேபில் உயர்ந்து தெரிந்த ஆர்.என்.ஏ இன்னொரு லேபில் அப்படித் தெரிவதில்லை. மாதிரியை எடுத்த விதம், வைத்திருந்த நேரம் எல்லாமே அளவை மாற்றும். சிறுநீரில் கிருமித்தொற்றோ ரத்தமோ இருந்தாலே குழப்பம் வரும். யு.சி.ஏ1-ம் சிறுநீர்ப்பையோடு நிற்கவில்லை, வேறு பல புற்றுநோய்களிலும் அது கூடுவது பின்னர் தெரிந்தது. அதனால் ஒரே ஆர்.என்.ஏ-வை நம்பாமல், பலவற்றைக் கூட்டாக அளக்கும் முறைகளைச் சோதித்துவருகிறார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள் பத்திரமாகப் பயணிப்பதால் சிறுநீரில் எளிதில் சிதைவதில்லை என்பது அவர்களுக்குச் சாதகம்.

இப்போதைக்கு சிஸ்டோஸ்கோப்பிக்கு மாற்று இல்லை. சிறுநீரில் ஒரே ஒருமுறை ரத்தம் வந்து நின்றிருந்தாலும், குறிப்பாக புகைப்பழக்கம் உள்ளவர்களும் நாற்பதைத் தாண்டியவர்களும், யூராலஜி மருத்துவரைப் பார்த்துவிடுவதுதான் வழி. தொடக்கத்திலேயே தெரிந்தால், கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு பி.சி.ஜி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தியே பலரைக் காப்பாற்ற முடிகிறது. ஆமாம், பச்சைக் குழந்தைக்குக் கையில் போடும் அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான்!

ஆர்.என்.ஏ டெஸ்ட் வந்தால் முதலில் பயன்படப்போவது, ஏற்கெனவே சிகிச்சை முடிந்து, அடுத்த குழாய்ப் பரிசோதனைத் தேதியை காலண்டரில் வட்டமிட்டு வைத்திருப்பவர்களுக்காகத்தான் இருக்கும். வருடத்துக்கு நான்கு முறை என்பது இரண்டாகக் குறைந்தாலே அவர்களுக்குப் பெரிய நிம்மதி.