ஓட்டல் மூடினாலும் டம்ளர் பேசும்!

வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய எவர்சில்வர் பாத்திரங்களை ஒரு நாள் இறக்கிப் பாருங்கள். டம்ளரின் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெரியும். பெரும்பாலும் அது பாட்டியின் பெயராக இருக்கும். அல்லது சீர் கொடுத்த தாய்மாமனின் பெயராக இருக்கும்.

சில டம்ளர்களில் மட்டும் வேறு பெயர் இருக்கும். ஏதோ ஒரு கபே. ஏதோ ஒரு பவன். ஏதோ ஒரு விலாஸ்.

"இது எப்படி நம் வீட்டுக்கு வந்தது?" என்று கேட்டால் பெரியவர்கள் சிரித்து மழுப்பி விடுவார்கள்!

அந்த ஓட்டல் இன்று இருக்காது. முதலாளி இருக்க மாட்டார். கல்லாப்பெட்டி இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கும். ஆனால் டம்ளர் இருக்கிறது. அதில் பெயரும் இருக்கிறது.

மூடிப்போன ஓட்டல்களின் டம்ளர், தட்டு, மெனு அட்டை, தீப்பெட்டி, விலைப்பலகை ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்பது இன்று உலகெங்கும் ஒரு பொழுதுபோக்கு. தபால்தலை, நாணயம் சேர்ப்பதைப் போல இதற்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள், சந்தை இருக்கிறது, போலிகளும் இருக்கின்றன.

தீவு வேடம் போட்ட ஓட்டல்கள்

இந்த மோகம் உச்சத்துக்குப் போன நாடு அமெரிக்கா. அங்கே 1930-களில் ஒரு புது மாதிரி ஓட்டல் முளைத்தது. பசிபிக் கடலில் உள்ள பாலினீசியத் தீவுகளைப் போல உள்ளே ஜோடனை செய்திருப்பார்கள். மூங்கில் சுவர், ஓலைக் கூரை, மீன் வலை, மரச் சிற்பம், செயற்கை அருவி! ரம் கலந்த மதுவைத் தெய்வ முகம் செதுக்கிய பீங்கான் குவளையில் கொடுப்பார்கள்.

ஹாலிவுட்டில் டான் பீச் என்பவர் தொடங்கி வைத்தார். ஓக்லண்டு நகரில் 1934-இல் கடை திறந்த விக்டர் பெர்ஜரான், பின்னர் அதற்கு 'டிரேடர் விக்ஸ்' என்று பெயர் சூட்டிப் பல ஊர்களில் கிளை பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளைப் பார்த்துவிட்டு வந்த சிப்பாய்கள் இந்த ஓட்டல்களை மொய்த்தார்கள். 1959-இல் ஹவாய் அமெரிக்காவின் மாநிலமானதும் மோகம் இன்னும் கூடியது.

இருபது ஆண்டுகளில் எல்லாம் மாறியது. 1970-களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது அப்பா காலத்துப் பழசு. கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 'ககிகி' என்று ஓர் ஓட்டல் 1961-இல் திறக்கப்பட்டது. வாசலில் தலையில் தீ எரியும் இரண்டு பெரிய முகச் சிலைகள் நிற்கும். 1997-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்படியும் தப்பவில்லை. 2000-ஆம் ஆண்டில் மூடப்பட்டு, இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் மருந்துக்கடை வந்தது. அந்த ஓட்டலின் குவளையையும் மெனு அட்டையையும் இன்று ஆர்வலர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. புளோரிடாவில் 1956-இல் தொடங்கிய 'மாய்-காய்' ஓட்டல், 2020-இல் பெருமழையில் கூரை சேதமாகி மூடப்பட்டது. பழுது பார்த்து 2024-இல் மீண்டும் திறந்தார்கள்.

ஆனால் ஒன்று. அந்த ஓட்டல்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் தீவுக்காரர்கள் அல்ல. எங்கள் தெய்வத்தின் முகத்தை மதுக்குவளை ஆக்கிவிட்டீர்களே என்று தீவு மக்களில் பலர் இன்று வருந்துகிறார்கள். சேர்ப்பவர் கையில் இருப்பது அழகான குவளை. அதற்குள் ஒரு மனத்தாங்கலும் இருக்கிறது.

அல்சூரில் என்ன இருக்கிறது?

அமெரிக்கக் கதை அல்சூர்க்காரருக்கு எதற்கு? காரணம் இருக்கிறது.

1809-ஆம் ஆண்டை ஒட்டி அல்சூர் பக்கத்தில் ஆங்கிலேயரின் தண்டு அமைந்தது. பட்டாளத்தோடு சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்கள், கொத்தனார்கள், வியாபாரிகள், வண்டிக்காரர்கள் என்று தமிழர்கள் வந்து குடியேறினார்கள். ஏரிக்கரை, சோமேசுவரர் கோவில் வட்டாரம், பஜார் தெரு எல்லாம் தமிழ் ஒலித்தது. வந்தவர்களுக்குச் சோறு வேண்டும், காபி வேண்டும். மெஸ்களும் டிபன் கடைகளும் காபி கிளப்புகளும் வந்தன.

அந்தக் கடைகளில் எத்தனை இன்று மிச்சம்? லிடோ தியேட்டர் இருந்த இடத்தில் வணிக வளாகம் நிற்கிறது. சி.எம்.எச். ரோட்டில் மெட்ரோ ரயிலுக்காகக் கட்டடங்கள் இடிபட்டன. 2011 அக்டோபர் 20-ந் தேதி அல்சூர் வழியாக மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஊருக்கு நல்ல வசதிதான். ஆனால் ஒரு கடை இடிபடும்போது அதன் போர்டும் பெஞ்சும் எடைக்குப் போய்விடுகின்றன.

இன்னொரு சங்கடமும் உண்டு. பெரிய ஓட்டலில் அச்சடித்த மெனு அட்டை இருக்கும். முத்திரை போட்ட பீங்கான் தட்டு இருக்கும். சேர்ப்பவருக்குக் கொண்டாட்டம். ஏழை எளியவர் சாப்பிட்ட மெஸ்ஸில் என்ன இருக்கும்? வாழை இலை. சாப்பிட்டதும் மடித்து எறிந்தாயிற்று. 'என்ன இருக்கு?' என்று கேட்டால் சர்வர் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். மெனு அட்டை அவர் நாக்குதான்!

அப்படிப்பட்ட கடை விட்டுச்செல்வது மிகக் கொஞ்சம். பெயர் வெட்டிய டம்ளர், சாப்பாட்டு டோக்கன், கரும்பலகை, சுவரில் மாட்டிய காலண்டர், திறப்பு விழாப் படம் ஒன்று. அவ்வளவுதான். அதனால்தான் அவை அருமையானவை.

காலத்தைக் காட்டும் எழுத்து

கையில் ஒரு பழைய ரசீதோ விலைப்பலகையோ கிடைத்தால், அது எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழிகள் உண்டு.

விலை அணாவில் இருந்தால் அது பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதிதான் ரூபாய்க்கு 100 காசு என்ற கணக்கு வந்தது. 'நயா பைசா' என்று போட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட காலம். 1964 ஜூன் மாதத்தில் 'நயா' என்ற சொல் கைவிடப்பட்டது.

முகவரியும் பேசும். 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்று இருந்தால் 1949-க்கு முன். அந்த ஆண்டில்தான் தண்டுப் பகுதியும் பழைய பேட்டையும் ஒரே மாநகராட்சி ஆயின. 'சவுத் பரேடு' என்றிருந்தால் அது இன்றைய மகாத்மா காந்தி ரோடு. 1948-இல் பெயர் மாறியது. வெறுமனே 'பெங்களூர்-8' என்று இருந்தால் அனேகமாக 1972-க்கு முந்தியது. அந்த ஆண்டு ஆகஸ்டு 15-ல் ஆறு இலக்கப் பின்கோடு வந்த பிறகு அல்சூர் 560008 ஆயிற்று. 'மைசூர் ஸ்டேட்' என்றால் 1973 நவம்பருக்கு முந்தியது.

பீங்கானானால் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும். கல்கத்தாவின் பெங்கால் பாட்டரீஸ் போன்ற தொழிற்சாலைகளின் பெயரை அங்கே காணலாம்.

காபி ஹவுசும் காரில் வந்த டிபனும்

பெங்களூர்க்காரருக்கு மறக்க முடியாதது மகாத்மா காந்தி ரோட்டின் இந்தியா காபி ஹவுஸ். காபி போர்டு நடத்திய காபி ஹவுசுகளை 1950-களில் மூட முற்பட்டபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ.கே.கோபாலன் ஊக்கத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்தினார்கள். பெங்களூரில் 1957-இல் சங்கம் பிறந்தது. வெள்ளைச் சீருடை, இடுப்புப் பட்டை, விசிறி வைத்த தலைப்பாகை! 2009 ஏப்ரலில் அந்தக் கடை மூடப்பட்டு சர்ச் தெருவுக்குப் போனது. அந்தத் தலைப்பாகை வெறும் துணி அல்ல. பறிபோன வேலையைக் கூட்டாக மீட்டவர்களின் அடையாளம்.

1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். என்றதும் வெள்ளி டம்ளர் காபிதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஓட்டலில் வெள்ளியைவிட விலை மதிப்புள்ள பொருள் ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் பண்டங்களின் விலையைக் குறைக்க உத்தரவு வந்தது. தரத்தைக் குறைக்க மனமில்லாமல், அன்றன்றைய நட்டத்தைப் பலகையில் எழுதி வைத்தார்களாம்! பின்னர் ஓட்டலை மூடினார்கள். வேலையாட்களைக் கைவிடாமல் ரவா இட்லி மாவு போன்றவற்றைப் பொட்டலம் போட்டு விற்றார்கள். அதுவே பெரிய தொழிலாக வளர்ந்தது.

சென்னைக்குப் போய் வந்தவர்களுக்கு டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் நினைவிருக்கும். 1962-இல் திறந்தது. கார் ஜன்னலில் தட்டை மாட்டி, உட்கார்ந்த இடத்திலேயே டிபன் கொடுப்பார்கள். 2008-இல் மூடினார்கள். 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. ஜன்னலில் மாட்டும் அந்தத் தட்டைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகளுக்கு என்னவென்றே தெரியாது. யாராவது சொன்னால்தான் உண்டு.

கசப்பான பலகையும் வேண்டும்

பழைய ஓட்டல் என்றாலே மணக்கும் காபி மட்டும்தானா? இல்லை.

'பிராமணாள்' என்ற சொல்லைத் தாங்கிய ஓட்டல் பலகைகள் ஒரு காலத்தில் தமிழ்நாடெங்கும் தொங்கின. இன்னாருக்குத் தனி இடம் என்று பிரித்து வைத்த கடைகளும் இருந்தன. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் மறியல் போராட்டம் தொடங்கினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் இறங்கியது.

அப்படிப்பட்ட பலகை ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தால் என்ன செய்வது? அழகுப் பொருளாக வரவேற்பறையில் மாட்டுவது தவறு. உடைத்து எறிவதும் தவறு. உடைத்துவிட்டால், அப்படி ஒன்று இருந்தது என்பதற்கே சாட்சி போய்விடும். போராட்டக் கதையைப் பக்கத்தில் எழுதி வைத்தால் அது பாடம் ஆகும்.

இனித்ததை மட்டும் சேர்ப்பவர் கனவைச் சேர்க்கிறார். கசந்ததையும் சேர்ப்பவர்தான் வரலாற்றைச் சேர்க்கிறார்.

போலியிடம் ஜாக்கிரதை!

சந்தையில் பழைய பொருள் என்று விற்பதெல்லாம் பழையது அல்ல. பழைய எனாமல் பலகைகளைப் போலவே புதிதாகச் செய்து, துருப்பிடிக்க வைத்து விற்கிறார்கள். ஆணி அடித்த ஓட்டையைச் சுற்றி மட்டும் அளவாகத் துரு இருந்தால் சந்தேகப்படுங்கள். பலகையின் பின்பக்கத்தையும் பார்த்து வாங்குங்கள்.

கிடைத்த பொருளைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கக் கூடாது, எழுத்துகள் மழுங்கிவிடும். முதலில் படம் எடுத்துவிட்டு, மெல்லிய துணியால் துடைத்தால் போதும். மெனு அட்டை, ரசீது போன்ற காகிதங்களுக்கு செல்லோ டேப் ஒட்டக் கூடாது. பிளாஸ்டிக் உறையை உருக்கி ஒட்டும் லாமினேஷனும் கூடாது. ஈயப் பூச்சு போன பித்தளைப் பாத்திரத்தில் ரசமோ மோரோ ஊற்றவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இயங்கும் ஓட்டலிலிருந்து எடுத்துக்கொண்டு வராதீர்கள்! அமெரிக்காவில் குவளையைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் ஏராளம். கடைசியில் பல கடைகள் அதை விலைக்கே விற்றன. நம் ஊரிலோ, டம்ளரில் 'இன்ன ஓட்டலில் திருடியது' என்றே வெட்டி வைத்த முதலாளியைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. கடை மூடப்போகிறது என்று தெரிந்தால் முதலாளியிடம் நேரில் கேளுங்கள். ஆசையாகக் கேட்டால் பலர் தருவார்கள். கூடவே கதையும் சொல்வார்கள்.

ஒரு துண்டுக் காகிதம்

ஆமதாபாத்தில் விசாலா என்ற ஓட்டல், தன் வளாகத்திலேயே 1981-இல் பாத்திரங்களுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்தது. ஆயிரக்கணக்கான பழைய பாத்திரங்களை அங்கே அடுக்கினார்கள். சமைத்தவர், வார்த்தவர் கைகளுக்கும் அது மரியாதை.

அல்சூரில் அப்படி ஒரு கட்டடம் வேண்டும் என்பதில்லை. ஓர் அலமாரி போதும். பள்ளியிலோ, சங்கத்திலோ, படிப்பகத்திலோ ஒரு மூலை போதும். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

கதை தெரியாத டம்ளர் வெறும் எவர்சில்வர். எடைக்குப் போட்டால் அதற்கு உரிய விலைதான். அந்த ஓட்டல் எந்தத் தெருவில் இருந்தது, யார் நடத்தினார்கள், யார் சமைத்தார்கள், என்ன விசேஷம், யார் உள்ளே வர முடிந்தது, ஏன் மூடியது என்று தெரிந்தால் அதுவே ஊரின் சரித்திரம்.

அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவையோ பாட்டியையோ உட்கார வைத்துக் கேளுங்கள். சொல்வதை ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியுடன் எழுதுங்கள். மடித்து அந்த டம்ளருக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

பாதி வேலை முடிந்தது!