கடையில் விற்கும் ஆய்வேடும் நூலகத்தில் இருக்கும் கல்வெட்டும்

(நமது மைசூர் நிருபர்)

மைசூரில் எம்.ஏ. படிக்கும் மாணவ மாணவிகளுக்குக் கடைசிப் பருவம் வந்துவிட்டால் ஒரு கவலை பிடித்துக்கொள்ளும். அதுதான் "ப்ராஜெக்ட்" எனப்படும் ஆய்வேடு. ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தாங்களே தேடிப் படித்து, பக்கம் பக்கமாக எழுதி, பைண்டு போட்டுக் கொடுக்க வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கெடு ஒன்றுதான்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் படித்த மாமனோ சித்தப்பனோ இருந்தால் "இந்தப் புத்தகத்தைப் பார், அந்த நூலகத்துக்குப் போ" என்று வழிகாட்டுவார். நம் தமிழ்த் தொழிலாளர் வீடுகளில் பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியிருக்கும். வீட்டில் யாரைக் கேட்பது?

இந்த இடத்தில்தான் கடைக்காரர் நுழைகிறார்.

தயார் சரக்கு

நகலெடுக்கும் கடைகள் சிலவற்றில் தலைப்பைச் சொன்னால் போதும். யாரோ எப்போதோ எழுதியதைப் பெயர் மாற்றி, அட்டையில் தங்க எழுத்து அடித்து, ஒரு வாரத்தில் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அசோகபுரம் ரயில்வே பணிமனையில் பிட்டராக வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் என்னிடம் வந்தார். "தம்பி, நாலாயிரம் ரூபாய் கைமாற்று வேண்டும். பாப்பா பரீட்சைக்குப் புத்தகம் போடணுமாம்" என்றார். என்ன புத்தகம் என்று விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. சம்பளத்தில் பிடித்தம் போக மிஞ்சுகிற பணத்தில் நாலாயிரம் என்பது அவருக்குச் சின்னத் தொகை அல்ல.

பணம் போவது மட்டுமல்ல ஆபத்து. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ம் ஆண்டில் கொண்டுவந்த விதிகள் எம்.ஏ. ஆய்வேட்டுக்கும் பொருந்தும். பிறர் எழுத்துடன் ஒத்துப்போகும் பகுதி நூற்றுக்கு 10-க்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி எழுதித் தர வேண்டும். அதற்கு அதிகபட்சம் 6 மாதம். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓர் ஆண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் படிப்பின் பதிவே ரத்து. ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. கடைக்காரர் அதே சரக்கைப் பத்துப் பேருக்கு விற்றிருந்தால் பத்துப் பேரும் மாட்டிக்கொள்வார்கள். கடைக்காரர் மாட்டிக்கொள்ள மாட்டார்.

அந்தப் பெண் சரித்திரம் படிக்கிறாள். எடுத்துக்கொண்ட தலைப்பு, மைசூர் வட்டாரத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள். "நூலகத்தில் தேடினேன் மாமா, ஒன்றும் இல்லை" என்றாள். அப்படி இருக்கவே முடியாது என்பது எனக்குத் தெரியும்.

பெயர் தெரிந்தால் புத்தகம் கிடைக்கும்

அவள் நூலகக் கம்ப்யூட்டர் பட்டியலில் "தமிழ்க் கல்வெட்டு" என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடியிருக்கிறாள். பட்டியலில் அந்தச் சொல் இல்லை. ஆனால் அலமாரியில் பொருள் இருக்கிறது! நூலகரிடம் வாய் திறந்து கேட்டபோது அவர் சொன்ன பெயர், "எபிகிராபியா கர்நாடிகா".

பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயரான பி.எல்.ரைஸ், பழைய மைசூர் சமஸ்தானம் முழுவதும் கல்வெட்டுகளைப் படியெடுத்து, மாவட்டவாரியாக 12 தொகுதிகளாக வெளியிட்ட நூல் அது. 1886-ல் தொடங்கி 1905 வரை வந்தது. பெயரில் கர்நாடகம் இருந்தாலும் உள்ளே கன்னடம், சமஸ்கிருதம், தமிழ், தெலுங்கு என்று எல்லா மொழிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. மைசூர் மாவட்டம் 3, 4-வது தொகுதிகளில் இருக்கிறது. கோலார் மாவட்டத்துக்கான 10-வது தொகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். கோலாரம்மன் கோவிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ் எழுத்தை இன்றும் பார்க்கலாம்.

காரணம் தெரிந்ததுதான். ராஜராஜ சோழன் காலத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கங்கர்களின் தலைநகரமான தலக்காடு சோழர் கைக்கு வந்தது. தலக்காடு ராஜராஜபுரம் ஆயிற்று. கங்கநாடு முடிகொண்ட சோழ மண்டலம் என்றும், கோலாரைச் சேர்ந்த பகுதி நிகரிலி சோழ மண்டலம் என்றும் பெயர் பெற்றன. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டைப் பிடித்து, "தலக்காடு கொண்டவன்" என்று பட்டம் சூட்டிக்கொண்டான். இன்று பஞ்சலிங்க தரிசனத்துக்காகக் காவிரிக் கரை மணலில் நடந்து போகிற நம்மவர்கள் பலருக்கு, அந்த மணலுக்கு இவ்வளவு கதை உண்டு என்பது தெரியாது.

தேடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய நூல்களில் ஊர்ப் பெயர்கள் இன்றைய எழுத்தில் இருக்காது. ஸ்ரீரங்கப்பட்டணம் "செரிங்கபட்டம்" என்று இருக்கும். தஞ்சாவூர் "டாஞ்சூர்" ஆகியிருக்கும். மைசூரு என்று தேடினால் புதிய புத்தகங்கள் வரும். மைசூர் என்று தேடினால்தான் பழையவை வரும். ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஊர் ஒன்றாக இருக்கும், பழைய டிக்கெட்டில் பெயர் வேறாக இருக்கும்.

ரைஸ் நூலைத் திருத்திச் சேர்த்து, 1972 முதல் மைசூர் பல்கலைக்கழகம் புதிய பதிப்பு வெளியிட்டது. பழைய பதிப்பின் தொகுதி எண்ணும் புதிய பதிப்பின் தொகுதி எண்ணும் ஒன்றாக இல்லை. எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தோம் என்று குறிக்காவிட்டால் பேராசிரியர் தேடிப் பார்த்து "இங்கே இல்லையே" என்பார். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் தாலுகாவின் சுருக்கெழுத்தும் ஓர் எண்ணும் உண்டு. அதையும் பக்க எண்ணையும் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி ஒரு பஸ் செலவு.

நம்மவர் வகுத்த முறை

நூலக அலமாரியில் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பலர் ஏதோ ஆபீஸ் நம்பர் என்று நினைக்கிறார்கள். அதுதான் புத்தகத்தின் முகவரி. அமெரிக்காவின் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட முறைப்படி அடுக்கிய நூலகத்தில் 954 என்றால் இந்திய சரித்திரம், 894.811 என்றால் தமிழ் இலக்கியம். எண் தெரிந்துவிட்டால், தேடிப் போன புத்தகத்துக்கு இரண்டு பக்கமும் அதே பொருளைப் பற்றிய மற்றப் புத்தகங்கள் நிற்கும். கேட்டுப் போன புத்தகத்தைவிடப் பக்கத்தில் நின்ற புத்தகம் உதவுவதும் உண்டு.

டூயி முறைக்குப் போட்டியாக இந்தியாவில் ஒரு முறையை உண்டாக்கியவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டன் சென்று பயின்று வந்து, 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். 1933-ல் தமது வகைப்பாட்டு முறையை வெளியிட்டார். புத்தகம் பூட்டிவைப்பதற்கு அல்ல, படிப்பதற்கே என்பதும், வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதும் அவருடைய விதிகளில் சேர்ந்தவை. 1962-ல் பெங்களூரில் நூலகப் பயிற்சி, ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கி, 1972-ல் பெங்களூரிலேயே காலமானார். ஆகவே நூலகரிடம் போய்க் கேட்பதற்கு நம் பிள்ளைகள் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்டதற்கு வழி சொல்வது அவருடைய வேலையில் ஒரு பகுதி.

தஞ்சைப் பண்டிதர் கொடுத்த ஓலை

மைசூரில் ஒரு நூலகம் உலகத்துக்கே சேதி சொன்ன கதை உண்டு. 1891-ல் தொடங்கிய அரசாங்கக் கீழ்த்திசை நூலகம், விக்டோரியா ராணியின் ஜூபிலி நினைவாகக் கட்டிய கட்டிடத்தில் இயங்கியது. இன்று அது மைசூர் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம். தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அந்த நூலகத்துக்கு ஓர் ஓலைச் சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். கிரந்த எழுத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட எழுத்து அது. நூலகத்தில் பணியாற்றிய ஆர்.சாமசாஸ்திரி அதைப் பிரித்துப் படித்தபோது, பழைய நூல்களில் பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்த கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம் என்று தெரிந்தது! 1909-ல் மூலத்தையும் 1915-ல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். அந்த நூல் வந்தபிறகு, பழங்கால இந்தியாவின் அரசியலைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் எழுதிவந்ததே மாறிப்போயிற்று.

அந்தப் பண்டிதரின் பெயரைச் சரித்திரப் புத்தகங்களில் காணோம். "தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர்" என்பதோடு சரி.

பள்ளிக்கூட நூலகமும் சும்மா இல்லை. மைசூரில் தலைமை ஆசிரியராக இருந்த தமிழர் கிருஷ்ணசாமி அய்யரின் மகன், தகப்பனார் பள்ளி நூலகத்துக்கு வந்த ஆங்கிலப் பத்திரிகைகளையும் நாவல்களையும் விழுந்து விழுந்து படித்தார். 1930-ல் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அவர்தான் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண்.

மைப்படி எங்கே?

கல்வெட்டு ஆய்வு செய்கிற மாணவர்கள் புத்தகத்தோடு நிற்கக் கூடாது. ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் அப்பி, தூரிகையால் அடித்து எழுத்துக் குழிகளில் பதியவைத்து, மேலே மை ஒற்றி எடுப்பதை மைப்படி என்பார்கள். சாலை போடவும் வீடு கட்டவும் உடைபட்ட கற்கள் எத்தனையோ. கல் போய்விட்டால் அந்த எழுத்துக்கு மைப்படிதான் சாட்சி. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் ஊட்டியிலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழ் மைப்படிகளும் கூடவே வந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. ஆகவே மைப்படி பார்க்க வேண்டியவர்கள், தங்களுக்கு வேண்டியது மைசூரில் இருக்கிறதா சென்னையில் இருக்கிறதா என்று முதலில் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது.

இதில் தமிழன் பெரியவனா கன்னடியன் பெரியவனா என்ற வாதத்துக்கு இடமில்லை. ஒரே கோவில் சுவரில் கன்னட எழுத்தும் தமிழ் எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சண்டை போட்டவர்கள் ராஜாக்கள். கோவிலுக்கு விளக்கெரிக்க ஆடும் நிலமும் கொடுத்தவர்கள் இரண்டு மொழிக்காரர்களும்தான்.

நம் கதையும் அலமாரியில் உண்டு

சரித்திரம் என்றால் ராஜாக்கள்தான் என்றும் இல்லை. கோலார் தங்கவயலுக்குக் கூலிகளாக வந்த தமிழர்களைப் பற்றியோ (சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது), மைசூருக்கு ரயில் பாதை வந்ததைப் பற்றியோ எழுத விரும்பும் பிள்ளைக்கு நூலகத்தில் பழைய ஜனத்தொகைக் கணக்கு அறிக்கைகள் இருக்கின்றன. எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் தமிழ் பேசினார்கள், வெளியூரில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று அட்டவணைகள் உண்டு. சமஸ்தானத்தின் வருடாந்தர நிர்வாக அறிக்கைகளும், ஹயவதன ராவ் 1927 முதல் 1930 வரை வெளியிட்ட மைசூர் கெஜட்டியர் தொகுதிகளும் உண்டு. நம் பாட்டனாரின் பெயர் அதில் இராது. ஆனால் அவர் எந்தக் கூட்டத்தோடு வந்தார், அப்போது பஞ்சமா, பிளேக்கா என்பதெல்லாம் தெரியும். இவற்றோடு வீட்டில் இருக்கும் பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதினால், அப்படி ஒரு ஆய்வேட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

செல்போனில் பார்த்தால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பார்க்கலாம், இடம் தெரிந்து பார்க்க வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை "சோத்கங்கா" தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஜனத்தொகைத் துறையின் தளத்தில் பழைய அறிக்கைகள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. விலை அதிகமான வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்கள் பெறுவதற்காக மத்திய அரசு "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தை 2025 ஜனவரியில் தொடங்கியது. இதெல்லாம் தன் கல்லூரிக்கு உண்டா என்பதை நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

தமிழ்ப் புத்தகம் தேவைப்படுவோர் மானசகங்கோத்ரியில் உள்ள இந்திய மொழிகளின் மத்திய நிறுவனத்தையும் மறக்கக் கூடாது. 1969-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் நூலகத்தில் மொழி, இலக்கணம், மொழி கற்பித்தல் பற்றிய நூல்கள் உண்டு. வேறு நிறுவனத்தின் நூலகத்துக்குப் போகும்போது கல்லூரி அடையாள அட்டையையும், துறைத் தலைவரிடமோ கல்லூரி முதல்வரிடமோ வாங்கிய அறிமுகக் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடிதத்தில் ஆய்வுத் தலைப்பு எழுதியிருந்தால் நூலகர் பாதி வேலையை முடித்துக் கொடுப்பார். பழைய தொகுதிகளை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்துதான் குறிப்பு எடுக்க வேண்டும். சுவடி, பழைய காகிதம் உள்ள இடங்களில் பேனாவுக்குப் பதில் பென்சில் கொண்டுபோவது நல்லது. புறப்படும் முன் விடுமுறை நாளா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். தசரா சமயத்தில் மைசூரில் எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல முடியாது.