சொத்துப் பட்டியலில் இருந்த மனிதர்கள்

காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனாலும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் அங்கே வருவார். அதனால சொத்துப் பேச்சு வந்தாலே, வீடு எந்த மகளுக்கு என்பதுதான் முதல் கேள்வி. ஒரு காலத்தில் இந்தக் கடற்பகுதியில், யாருக்கு எந்த ஆள் என்றும் கேட்டாங்க.

இதற்கு எழுதப்பட்ட விதி கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில் இருக்கு. தூத்துக்குடி, யாழ்ப்பாணம் இரண்டையும் டச்சுக்காரர்கள் 1658இல் பிடித்தார்கள். 1707இல் கிளாஸ் ஐசக்ஸ் என்ற டச்சு அதிகாரி யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்தார். அதுதான் தேசவழமை. முதுசம், சீதனத்தோடு அடிமைகளைப் பற்றியும் அதில் தனிப் பகுதி உண்டு.

அடிமைப் பெண்ணின் பிள்ளை அவளுடைய எஜமானுக்குச் சொந்தம், தகப்பன் வேறு வீட்டு அடிமையாக இருந்தாலும். இதன் விளைவைப் பாருங்க. தாயை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தால், இனி அவள் பெறும் பிள்ளைகள் மகளுக்கு. முன்பே பிறந்த பிள்ளைகள் எஜமானிடமே இருப்பாங்க; அவர் இறந்ததும் மகன்களுக்குப் பங்காகப் போகலாம். ஒரே குடும்பம், மூன்று வீடு.

காயல் மக்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் சட்டத்திலும் அடிமை வாரிசுச் சொத்துதான். ஆனால் எஜமானுக்குப் பிள்ளை பெற்றவளைப் பங்கு போட முடியாது. அவர் இறந்ததும் அவள் விடுதலை, பிள்ளை வாரிசு. மரணப் படுக்கையில் விடுதலை கொடுத்தால், அது சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கணும். ஹதீஸில் ஒரு சம்பவம் வருது: வேறு சொத்தே இல்லாத ஒருவர் சாகும்போது தன் ஆறு அடிமைகளையும் விடுவித்தார். நபி சீட்டுக் குலுக்கினார். இரண்டு பேர் விடுதலை, நாலு பேர் அடிமை. வாரிசுகளின் உரிமை அவ்வளவு கனமானது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் யாரையும் தேடிப் போய் விடுவிக்கவில்லை. அடிமை என்ற பெயரில் ஒருவர் மேல் கேட்கும் உரிமையை எந்தக் கோர்ட்டும் நிறைவேற்றாது என்றது, அவ்வளவுதான். கூடவே இன்னொன்றும் சொன்னது: அடிமை என்று காரணம் காட்டி, ஒருவர் உழைத்தோ வாரிசாகவோ பெற்ற சொத்தைப் பறிக்க முடியாது. இலங்கையில் 1844இல் அடிமைமுறை ஒழிந்தது.

உங்க வீட்டில் பழைய சீதன ஓலை, பாகப் பத்திரம் இருந்தால் எடுத்துப் படிங்க. நிலத்துக்கும் நகைக்கும் நடுவில் ஆள் பெயர் வருதா, தாயும் பிள்ளையும் ஒரே பங்கில் இருக்காங்களான்னு பாருங்க.