மாடல் செய்வது அப்பாவா, பிள்ளையா?

ஆரியசாலையில் கடையடைத்து வரும் தகப்பனார், ராத்திரி கண்விழித்துப் பள்ளிக் கண்காட்சிக்கு மாடல் செய்கிறார். பையனோ தூங்குகிறான்! மறுநாள் நடுவர் கேள்வி கேட்டால் விழிப்பது யார்?

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், இஸ்திரி வண்டிக்காரர் எரிந்த கரியை வீசுவதைப் பார்த்துவிட்டு, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர். 2020-ல் சுவீடனில் பரிசு. 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேச்சு. ஐந்து வயதில் கையில் கிடைத்த கலைக்களஞ்சியமே அவருடைய விஞ்ஞான ஆர்வத்துக்கு வித்து.

புத்தகம் வாங்க வசதியில்லாதவர்கள், 1829-ல் தொடங்கிய பாளையம் பொது நூலகத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகலாம். ஒயர், பல்பு விலையைச் சாலைக் கடைத்தெருவில் அவனே விசாரிக்கட்டும். பள்ளியில் மலையாளத்தில் சொல்லவேண்டியதை முதல்நாள் தாயாரிடம் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். எங்கே தடுமாறுகிறானோ, அங்கே இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது.