நோவின் அளவும் மருந்தின் அளவும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைப் பாடஞ் சொல்லும்போது ஓரிடத்தில் சற்றே நின்று செல்வது என் வழக்கம். நோயாளர், மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்த வள்ளுவர், நோயாளரையே முதற்கண் வைத்தார். உரைகண்ட பரிமேலழகர், நோயாளர்க்கு வேண்டிய நான்கு இயல்புகளுள் தம் நோயின் நிலையை எடுத்துரைக்கும் ஆற்றலையும் ஒன்றாக எண்ணினார்.

நோவுக்கு மருந்து கொடுக்குமிடத்து இவ்வுண்மை நன்கு புலனாகும். காய்ச்சலை அளக்கக் கருவியுண்டு. நோவை அளக்கும் கருவி நோயாளரின் நாவேயாம்.

1967ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் நலவகத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், புற்றுநோயாளர் சொல்வதைச் செவிமடுத்து, நோ மீண்டெழுமுன்பே உரிய நேரத்தில் மருந்து கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். உலக சுகாதார நிறுவனம் 1986இல் நோமருந்துகளை மூன்று படிகளாக வகுத்தது. உச்சப் படியிலுள்ள மோர்பினுக்கு எல்லார்க்கும் பொதுவான அளவு இல்லை. சிறிதாகத் தொடங்கி, பயன் கண்டு, படிப்படியாக உயர்த்தியே அவரவர்க்குரிய அளவைக் காணவேண்டும்.

எங்கள் வன்னி மக்களோ பொறுமையே உருவானவர்கள். 2009இல் போர் முடிந்தபின்னும் உடலிற் செல் துண்டுகளைச் சுமந்தபடி வயலில் இறங்குவோர் உளர். மருத்துவர் வினவினால், “பரவாயில்லை ஐயா” என்பதே விடை. என் தமக்கையாரும் புற்றுநோயுற்ற காலத்தில் அவ்வாறே கூறிவந்தார். மருத்துவர் ஒரு கொப்பியைத் தந்து, மருந்துண்ட நேரம், நோ தணிந்த நேரம், மீண்ட நேரம் ஆகியவற்றைக் குறிக்கச் சொன்னார். நான்கு மணிக்கொருமுறை உண்ட மருந்து, அடுத்த வேளை வருமுன்பே வலுவிழந்தமை அக்குறிப்பாற் புலப்பட்டது. அளவு சிறிது கூட்டப்பட்டது. மலச்சிக்கலுக்கும் மருந்து சேர்க்கப்பட்டது. நான்காம் நாள் இரவு அக்கா அயர்ந்து உறங்கினார். தமக்கிருந்த எஞ்சிய நாள்களிற் பேரப்பிள்ளைகளோடு பேசிச் சிரிக்கவும் அவரால் இயன்றது.

மோர்பின் என்றதும் அடிமையாகிவிடுவோமென அஞ்சுவோர் பலர். மருத்துவர் மேற்பார்வையிற் புற்றுநோவுக்கு உண்பவர்க்கு அவ்வாறு நேர்தல் அரிது. எனினும், அளவைத் தாமே கூட்டுதலும் திடீரென நிறுத்துதலும் தீங்காகும். எளிதென எண்ணும் பரசிற்றமோலும் அளவு மிஞ்சின் ஈரலைக் கெடுக்கும். மருத்துவர் சொல்வழி நிற்றலும் பரிமேலழகர் கூறிய நான்கனுள் ஒன்றன்றோ?

குத்து, உளைவு, எரிவு, கடுப்பு, விறைப்பு என நோவின் வேறுபாடுகளுக்குத் தமிழிற் சொற்கள் பலவுள. எரிவுக்கு ஏற்ற மருந்து வேறு, உளைவுக்கு ஏற்றது வேறாதலுங் கூடும். ஆகவே, மருத்துவர்முன் அச்சொற்களை வழங்கக் கூசாதிருப்போமாக.