கண் மதிப்பா, கருவியா?

துறைமுகத்தில் கிரேன் உண்டு. பாலம் கட்டும் இடத்திலும் உண்டு. நூறு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத பளுவை அது தூக்கிவிடும். ஆனால் கிரேனின் பலத்துக்கும் ஓர் அளவு உண்டு.

அந்த அளவு எப்போதும் ஒன்றாக இருக்காது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்க முடியுமா? கிரேனும் அப்படித்தான். அதன் நீண்ட கைக்குப் பூம் என்று பெயர். கிரேனின் அடி விளிம்பிலிருந்து 4 மீட்டர் தள்ளி 5 டன் பளு தொங்குகிறது. அதே பளு 8 மீட்டர் தள்ளிப் போனால், கிரேனைச் சாய்க்கும் திறன் இரண்டு மடங்கு ஆகும். எடை கூடவில்லை. தூரம்தான் கூடியது.

இதைக் கவனிக்க ஓட்டுநர் அறையில் ஒரு கருவி உண்டு. பளு எவ்வளவு, தூரம் எவ்வளவு, எதுவரை தூக்கலாம் என்று அது காட்டும். எல்லையை நெருங்கினால் ஒலி எழுப்பும். எல்லை மீறினால் பல கிரேன்களில் தூக்குவதே நின்றுவிடும்.

"இருபது வருட அனுபவம். கிரேன் சாய்ந்தால் என் உடம்புக்கே தெரியும்" என்று சில ஓட்டுநர்கள் சொல்வார்கள். கருவியை அணைத்துவிட்டு வேலை செய்வார்கள். இது பேராபத்து. சாய்வது உடம்புக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். சில சமயம் கிரேன் சாயவே சாயாது. பளு தாங்காமல் பூம் ஒடிந்துவிடும். அதற்கு முன்னறிவிப்பே இருக்காது.

காற்றும் ஏமாற்றும். தரையில் மெல்ல வீசும் காற்று, உயரத்தில் பலமாக வீசும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் ஒரு விளையாட்டரங்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று வீசும்போதே பெரிய கூரைப் பகுதியைத் தூக்கினார்கள். கிரேன் சரிந்தது. 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். உயரமான கிரேன்களில் காற்றின் வேகம் காட்டும் கருவி இருப்பது இதற்காகத்தான்.

கருவி தவறாகக் காட்டாதா? காட்டலாம். ஆகவே எடை தெரிந்த பளுவைத் தூக்கி அதைச் சோதிக்க வேண்டும். கணக்கு ஒத்துவராவிட்டால் பழுது பார்க்கும்வரை வேலையை நிறுத்த வேண்டும்.

அப்படியானால் அனுபவம் வீணா? இல்லை. கருவி சரி என்று காட்டினாலும், ஓட்டுநரின் மனம் தயங்கினால் நிறுத்தலாம். ஆனால் கருவி எச்சரித்தால், மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் தூக்கக் கூடாது. கீழே வேலை செய்பவர்களின் உயிர் அந்தக் கொக்கியில்தான் தொங்குகிறது.